ஏ.இ.யும் ஏழு அயிரைகளும்

ஏப்ரல் 14, ஞாயிறு

இந்த டைரி ஜனவரியில் ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு வந்து கொடுத்தது. மூன்று மாதமாக ஓவியா இதில் பூனை வரைந்துகொண்டிருந்தாள். இன்று சித்திரை ஒன்று. நாமும் எதையாவது எழுதுவோமே என்று பூனைகளைத் தாண்டி ஒரு பக்கம் பிடித்திருக்கிறேன்.

நாளைக் காலை பரணி கோயம்புத்தூர் போகிறான். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்துவிட்டது. ஒரு மாதம் வந்து இருக்கட்டும், பிடித்திருந்தால் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வருஷமும் அங்கேயே படிக்கட்டும் என்கிறார் அவன் தாய்மாமன் கதிரேசன் அண்ணன். என் வீட்டுக்காரர் "அவன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் சென்னை வண்டியை எடுக்கக் கிளம்பிவிட்டார். அரசு பஸ் டிரைவர். ரோட்டைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார், வீட்டைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

பரணி, இவருடைய முதல் மனைவி சுகந்தி அக்காவின் பிள்ளை. அக்கா தவறி நாலு வருஷமாகிறது. நான் நேரில் பார்த்ததில்லை, படத்தில் பார்த்ததற்கே அக்காதான். ஓவியா என் மகள், ஏழு வயது, என் முதல் கல்யாணத்தில் பிறந்தவள். அந்தக் கல்யாணத்தைப் பற்றி எழுத வேறு டைரி வாங்க வேண்டும்.

நாங்கள் இருவரும் இந்த ஆனையூர் வீட்டுக்கு வந்தபோது, ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நாலடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் மூன்று கிளவுன் லோச் மீன்கள். ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை, மூக்கடியில் மீசை. பரணிக்கு ஆறு வயதில் அக்கா வாங்கிக் கொடுத்தது. அக்காவுக்கு மின்வாரியத்தில் வேலை. ஆபீஸ் வரிசைப்படியே மீன்களுக்கும் பெயர் வைத்தாளாம். பெரியது உதவிப் பொறியாளர், அதாவது ஏ.இ. அடுத்தது இளநிலைப் பொறியாளர், ஜே.இ. கடைசி, ஃபோர்மேன். வாங்கிய அன்று மூன்றும் ஒரே அளவாம். இன்று ஏ.இ. ஒரு சாண் நீளம், ஃபோர்மேன் அதில் பாதிகூட இல்லை. மேலே இருப்பவர் தின்றுவிட்டு மிச்சம் வைத்தால்தானே.

போகிறவன் தொட்டி மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறான். பதினான்கு விதிகள். ஒன்பதாவதற்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு: "புதுசா எதையும் உள்ள விடக் கூடாது." இந்த வீட்டில் புதிதாக உள்ளே வந்தது நானும் ஓவியாவும்தான். படித்துவிட்டு மாவு கரைக்கப் போனேன்.

ஏப்ரல் 15, திங்கள்

கிளம்பும்போது "பாத்துக்கோங்க" என்றான். கல்யாணமாகிப் பதினான்கு மாதத்தில் இந்தப் பையன் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சித்தி கிடையாது, ஆன்ட்டி கிடையாது, ஏங்க கூடக் கிடையாது. பக்கத்தில் வந்து நிற்பான். நான் திரும்பிப் பார்த்த பிறகுதான் பேச்சு.

பத்து மணிக்குக் கடைக்குக் கிளம்புகிறேன், ஏ.இ. கூழாங்கல் மேல் ஒருக்களித்துக் கிடக்கிறது. கண்ணாடியைத் தட்டினேன். அசையவில்லை. பிள்ளை போய் நாலு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் அவன் அம்மா வாங்கிய மீனைக் கொன்றுவிட்டாள் சித்தி என்று ஊரே பேசும். கடைக்கு லீவு சொன்னேன். இவருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கக் கூடாதுதான், ஆனாலும் கோபம் வந்தது.

ஓவியாதான் எழுத்துக் கூட்டித் தாளைப் படித்தாள். "அம்மா, நாலாவதுல போட்ருக்கும்மா. ஏ.இ. சாஞ்சு படுத்துருந்தா செத்துப்போச்சுன்னு நெனைக்க வேணாம். தூங்குது."

அவள் படித்து முடிக்கவும் அது எழுந்து போகவும் சரியாக இருந்தது. ஆபீசர் வேலை நேரத்தில் தூங்குவதற்கு நான் ஒரு நாள் சம்பளத்தை விட்டதுதான் மிச்சம்.

ஏப்ரல் 17, புதன்

பதினான்கு விதிகளையும் இரண்டு முறை படித்துவிட்டேன்.

ஏப்ரல் 20, சனி

தீனி தீர்ந்தது. மீன் கடை பீர் பாயிடம் போனேன். சுகந்தி அக்கா காலத்திலிருந்து இந்த வீட்டுக்கு அவர்தான். மூழ்கும் உருண்டைத் தீனி கேட்டேன்.

"லோச்சு அடியிலதாம்மா மேயும். மேல மெதக்குறதப் போட்டீங்கன்னா பட்டினி கெடக்கும்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "லோச்சுன்னா என்னமோ சீமைச் சரக்குன்னு நெனைச்சுராதீங்க. நம்ம அயிரையும் லோச்சுதான். எல்லாம் ஒரே சாதிசனம்."

நிஜமாகவே ஆச்சரியமாக இருந்தது. மதுரையில் பிறந்து முப்பத்தெட்டு வருஷமாக அயிரைக் குழம்பு சாப்பிடுகிறேன். ஏ.இ.யின் பங்காளியைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். இவருக்கு இரட்டை டியூட்டி. கடையில் நாள் பூராவும் குளுக்கோஸ் பாக்கெட்தான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஆறாவது விதிப்படி தண்ணீர் மாற்றினேன். கால் பங்கு, அதற்கு மேல் கூடாது. புதுத் தண்ணீரை முந்தின நாளே பிடித்துத் திறந்து வைக்க வேண்டும். எட்டு வாளி. இடுப்பு ஒடிந்தது.

வேலை முடிந்து வெள்ளரிக்காய் ஒரு வில்லை போட்டேன். ஏ.இ. வந்து கடித்தபோது "டக், டக்" என்று சத்தம் வந்தது. விரலைச் சொடுக்குவது போல, கண்ணாடிக்கு வெளியேயும் கேட்கிறது. நிம்மதியாகத் தின்னும்போதுதான் அந்தச் சத்தம் போடும் என்று பதின்மூன்றாவது விதியில் எழுதியிருக்கிறான். அது விதியே இல்லை, அவனுக்குச் சொல்லத் தோன்றியதை எழுதியிருக்கிறான். பதின்மூன்றாவதை நாலைந்து முறை படித்தேன்.

தினமும் ஏழு மணிக்குப் பரணி போன் செய்கிறான், ஓவியாவிடம் பேச. நான் போனைப் பிடித்துக்கொண்டிருப்பேன். இன்று அவள், "அண்ணா, அம்மா ஏ.இ.கூடயே ஒக்காந்துருக்காங்க" என்றாள். "ஃபோர்மேனுக்குத் தனியாப் போடச் சொல்லு" என்றான்.

மே 5, ஞாயிறு

இரண்டு நாள் கோடை மழை. கண்மாய் அயிரை வந்திருந்தது, உயிரோடு. இவர் இன்று வீட்டில் இருக்கிறார், வாங்கிவிட்டேன். பாலில் போட்டு வைத்தேன். பால் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தால் வயிற்றில் இருக்கும் மண்ணையெல்லாம் அயிரை கக்கிவிடும். குழம்பு நறநறக்காது.

ஓவியா சட்டிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவில்லை. "இதுவும் லோச்சுதானம்மா? பாய் சொன்னாருல்ல? ஏ.இ. சொந்தக்காரங்கள ஏம்மா கொதிக்க விடுற?" என்று அழுகை. ஏழு அயிரையை அவளுக்கென்று பிரித்துக் கொடுத்தேன். சேற்று மீன் அப்படியே போனால் பரணி தினமும் துடைத்து வைத்த தொட்டி என்னாவது என்று அந்த ஏழுக்கும் தனிச் சட்டி, தனிப் பால், இன்னும் அரை மணி நேரம் கூடுதல். கையில் பிடித்தால் வழுக்குகிறது. சட்டியோடு சாய்த்துவிட்டேன்.

ஒன்பதாவது விதி ஞாபகம் இருக்கிறது. ஆனால் இவை புதியவை அல்லவே, சொந்தக்காரர்கள். ஏ.இ. ஒரு சுற்று வந்து பார்த்தது. கடிக்கவில்லை. குழம்பு நன்றாக வந்திருந்தது.

மே 6, திங்கள்

தொட்டித் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது. வெயில் காரணமாக இருக்கலாம்.

மே 7, செவ்வாய்

வெயில் இல்லை. பால்.

காலையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் வெள்ளை. ஏ.இ. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அடியில் மேய்கிற மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால் என்ன அர்த்தம் என்று தாளைப் பார்க்காமலே தெரிந்தது. பீர் பாய்க்குப் போன் போட்டேன். பாதி சொல்வதற்குள்ளேயே, "ஏம்மா, அது மீன் தொட்டியா டீக்கடை பாய்லரா?" என்றார். பிறகு குரலை இறக்கி, தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்று, காற்று பம்பை நிறுத்தாதே, இரண்டு நாள் தீனி போடாதே என்று சொன்னார்.

மதுரைக்காரி மீன் வளர்த்தால் இப்படித்தான். தொட்டியைக் குழம்புச் சட்டி என்று நினைத்தது என் கை.

ஏழு மணிப் போனுக்கு முன்னால் ஓவியாவிடம், "தொட்டியப் பத்திச் சொல்லாத" என்றேன். "ஏன்?" என்றாள். "சொன்னதச் செய்" என்றேன். பிள்ளையைப் பொய்க்குப் பழக்குகிறேன்.

மே 9, வியாழன்

தண்ணீர் தெளிந்துவிட்டது. மூன்று பேரும் இருக்கிறார்கள். அயிரை ஏழும் இருக்கின்றன. மணலில் புதைந்துகொண்டு மூக்கை மட்டும் நீட்டுகின்றன. தீனி விழுந்தால் ஏ.இ. வந்து மொத்தத்தையும் உறிஞ்சிவிடுகிறது. ஃபோர்மேனுக்கே கிடைக்காது, இவற்றுக்கு எங்கே?

கடையிலிருந்து ஒரு காலி வைட்டமின் டப்பா கொண்டுவந்தேன். கொதிநீரில் கழுவி, சுற்றிலும் சுண்டுவிரல் அகலத்துக்கு ஓட்டை போட்டு, உள்ளே கூழாங்கல் வைத்து மூழ்கவிட்டேன். தீனியை அதற்குள் போட்டால் அயிரை மட்டும் நுழைந்து தின்கிறது. ஏ.இ. மீசையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. பக்கத்தில் அகல ஓட்டையோடு இன்னொரு டப்பா, ஃபோர்மேனுக்கு. பெரியவன் சின்னவன் எல்லாம் ஒரே வீட்டில் இருக்கலாம், தட்டுதான் தனித்தனியாக வேண்டும்.

மே 10, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது. பரணி 452. கணக்கில் 97. இவர் வழியில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதாராம், கண்டக்டர் சொன்னார். நான் கடையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். "யாரு பாஸு?" என்று கேட்டவர்களுக்கு "எம் பையன்" என்றேன். கோயம்புத்தூர் வரை கேட்காது என்கிற தைரியம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபோர்மேன் முதுகில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். ஜே.இ.யின் வாலிலும் நாலைந்து. கண்மாய் மீன் கொண்டுவந்த நோய். ஒன்பதாவது விதி எதற்கென்று இன்று தெரிந்தது. அது என்னைப் பற்றியது இல்லை.

சந்தோஷமான நாளில் அவனிடம் இதை எப்படிச் சொல்வேன்?

மே 11, சனி

சொல்லிவிட்டேன்.

பதினோராவது விதி: "புள்ளி வந்தா மருந்து பாதி அளவுதான். லோச்சுக்குச் செதில் மெலிசு, முழு அளவு தாங்காது." அளவு பார்த்து மருந்து கொடுப்பது என் பிழைப்பு. பாதி ஊற்றிவிட்டேன். அதற்குள் ஏ.இ. முதுகிலும் புள்ளி வந்துவிட்டது. ஏழு மணிக்கு அவன் கூப்பிட்டபோது ஓவியாவிடமிருந்து போனை வாங்கினேன்.

"பரணி, நான்தான் பேசுறேன். அயிரைய உள்ள விட்டேன். பாலோட ஊத்திட்டேன். இப்பப் புள்ளி வந்துருக்கு. மூணுக்கும். தப்பு என்னோடதுதான், ஓவியாவத் திட்டாத."

அவன் போனை வைத்துவிட்டான்.

இந்த மீன்கள் செத்தால் இந்தப் பையன் இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டான். எழுதுவதற்கே பயமாக இருக்கிறது.

மே 12, ஞாயிறு

காலை ஐந்தரைக்குக் கதவு தட்டும் சத்தம். பரணி பையை வாசலிலேயே போட்டுவிட்டுத் தொட்டிக்கு முன்னால் போய் மண்டியிட்டான். இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறான். என்னைப் பார்க்கவில்லை. நான் காபியை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு வந்தேன். குடித்திருந்தான்.

பிற்பகலில் பக்கத்தில் வந்து நின்றான். திரும்பினேன். "வாளி எங்க?" என்றான். இருவரும் சேர்ந்து எட்டு வாளி.

மே 13, திங்கள்

ஃபோர்மேன் போய்விட்டது.

பரணி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனான். நான் போகவில்லை. ஓவியா போனாள். மல்லிகைத் தொட்டியில் புதைத்தார்களாம். "அண்ணா அழுதான். நானும் கொஞ்சம் அழுதேன்" என்றாள். நான் சமையலறையில் அழுததை யாருக்கும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான்.

அயிரை ஏழையும் எடுத்து வெளியே வீசிவிடுவான் என்று நினைத்தேன். வீசவில்லை. குனிந்து வைட்டமின் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "இது யாரு வச்சது?" என்றான். சொன்னேன். "ஓட்ட ஓரம் கூரா இருக்கு. மூஞ்சி கிழிஞ்சுரும்" என்றான். சாயங்காலம் பார்த்தால் ஓட்டைகளின் ஓரமெல்லாம் உப்புத்தாளால் தேய்க்கப்பட்டு வழவழவென்றிருந்தன.

மே 16, வியாழன்

ஒன்று திருத்த வேண்டும். ஏப்ரல் 14ஆம் தேதி "நானும் எதுவும் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறேன். பொய்.

இன்று தண்ணீர் மாற்றும்போது, குழாயை வாளிக்குள் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பரணி கேட்டான்: "நான் கோயமுத்தூர்லயே இருந்துட்டா ஒங்களுக்கு நிம்மதிதான?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான். அப்பாட்ட. அவன் அங்க போனாத்தான் நல்லதுன்னு. நான் இங்கதான் கண்ணாடி தொடச்சுக்கிட்டு இருந்தேன்."

சொன்னேன்தான். சமையலறையில், மெதுவாகத்தான் சொன்னேன். இந்த வீட்டில் மெதுவாகச் சொல்வதுதான் நன்றாகக் கேட்கிறது. வாளி நிரம்பித் தரையில் வழிந்ததை இருவரும் பார்க்கவில்லை.

"நீ எந்நேரமும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியிற. எனக்கு அதப் பாக்க முடியலடா. ஒங்கம்மா நின்ன எடத்துல நான் நிக்கிறது ஒனக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன். மாமா வீட்டுலயாவது சிரிப்பியேன்னு சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல."

அவன் குழாயை மடக்கித் தண்ணீரை நிறுத்தினான். "எனக்கு மூஞ்சியே இப்டித்தான்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை, ஆனால் தரை துடைக்கிற துணியை அவனே எடுத்தான். துடைத்துக்கொண்டே சொன்னான்: "மாமாட்டச் சரின்னு சொல்லிட்டேன். கட்டில் வாங்கிட்டாரு. ஸ்கூல்லயும் பேசிட்டாரு."

"இப்ப வேணாம்னு சொல்லேன்."

"எப்டிச் சொல்ல? எங்கம்மாவோட ஒரே அண்ணன். அழுதுருவாரு."



மே 20, திங்கள்

கதிரேசன் அண்ணன் போன். ஜூன் இரண்டாம் தேதி வேன் எடுத்துக்கொண்டு வருகிறாராம். பரணியோடு மீனையும் கொண்டுபோக மூடி போட்ட டிரம் இரண்டு வாங்கிவிட்டாராம். "மீனு இல்லாம அவன் வரமாட்டாம்மா, எனக்குத் தெரியும். சுகந்தி கையால வாங்குனதுல்ல. அதுகளும் எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். நல்ல மனிதர். வெறுப்பதற்கு ஒரு குறைகூட இல்லாத ஆளை என்ன செய்வது?

"சரிண்ணே" என்றேன்.

மே 25, சனி

புள்ளி ஒன்றுகூட இல்லை. ஏ.இ. வெள்ளரிக்காயைக் கடித்து "டக்" என்றது. நான் சமையலறையிலிருந்து ஓடி வந்தேன், பரணி மாடியிலிருந்து ஓடி வந்தான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அயிரைக்கும் பெயர் வைக்க வேண்டுமென்று ஓவியா நச்சரித்தாள். "இதுக பின்னாடி வந்துச்சுக. காண்ட்ராக்ட் லேபர்" என்றான் பரணி.

மே 26, ஞாயிறு

பீர் பாய் நேரில் வந்து பார்த்தார். "சுத்தமாச் சரியாப்போச்சு. இப்பப் பையில கட்டி டெல்லிக்கு அனுப்புனாலும் தாங்கும்" என்றார். பரணி பாயை வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தான். முகம் அப்படியேதான் இருந்தது. ஆனால் இப்போது எனக்கு அந்த முகத்தில் கொஞ்சம் படிக்கத் தெரிகிறது.

மே 30, வியாழன்

அவன் சட்டைகளை இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்கினேன். ஒன்பது சட்டை. ஓவியா என்னிடம் பேசுவதில்லை.

இவர் சாப்பிடும்போது, "இருன்னு ஒரு வார்த்த சொல்லிப் பாக்கவா?" என்றார். பதினாறு மாதத்தில் வீட்டைப் பற்றி இவராகக் கேட்ட முதல் கேள்வி. "கதிரேசன் அண்ணன் மொகத்தப் பாத்துச் சொல்ல முடியுமா ஒங்களால?" என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

ஜூன் 2, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

பதினோரு மணிக்கு வேன் வந்தது. கதிரேசன் அண்ணன் நீல டிரம் இரண்டையும் தானே தூக்கிக்கொண்டு வந்தார். ஓவியாவுக்கு ஒரு கவுன், எனக்குச் சேலை. அக்காவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கறிக் குழம்பு வைத்திருந்தேன், நன்றாகச் சாப்பிட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல மீனப் பிடிச்சிருவமாடா?" என்றார்.

பரணி தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். நகரவில்லை.

"மாமா, இப்ப பிடிக்க முடியாது."

"ஏன்டா?"

"வெள்ளப் புள்ளி வந்துச்சுல்ல. புள்ளி வந்த மீன ஆறு மாசத்துக்கு எடம் மாத்தக் கூடாது. செத்துப்போயிரும்."

அண்ணன் தொட்டியைப் பார்த்தார். ஏ.இ. ஆரஞ்சு நிறமாகப் பளபளவென்று ஒரு சுற்று வந்தது. ஆரோக்கியத்துக்குப் பரிசு கொடுத்தால் அதற்குத்தான் கொடுக்க வேண்டும். "நல்லாத்தானடா இருக்கு?" என்றார்.

"வெளிய தெரியாது மாமா. உள்ள இருக்கும்."

"அப்பச் சரி. மீனு ஆறு மாசம் கழிச்சு வரட்டும். நீ வா."

"மருந்து, தண்ணி எல்லாம் நான்தான் பாக்கணும்." அவன் காது மடல் சிவந்துவிட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை. அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் அப்படியே திரும்பினான். "சித்தியக் கேட்டுப் பாருங்க மாமா. சித்திக்கு எல்லாம் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன், இவர், ஓவியா, சுவரிலிருந்து அக்கா.

அந்தத் தாளில் இருப்பது பதினான்கு விதிகள். எனக்கு மனப்பாடம். இடம் மாற்றக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. டெல்லிக்கே அனுப்பலாம் என்று பாய் சொல்லி ஒரு வாரம்தான் ஆகிறது. நான் பதினைந்து வருஷமாக மருந்துக் கடையில் நிற்கிறவள். நாளையும் அளவையும் இதுவரை யாருக்கும் மாற்றிச் சொன்னதில்லை.

"ஆறு மாசம் பத்தாதுண்ணே" என்றேன். "லோச்சுக்கு ரெண்டு வருஷம்."

இவர் துண்டால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. பரணி என்னைப் பார்த்தான். நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இருவரில் ஒருவர் கெடுத்திருப்போம்.

அண்ணன் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து டப்பாவுக்குள் நுழைந்து வெளியே வரும் அயிரைகளைப் பார்த்தார். பிறகு தங்கச்சி படத்தைப் பார்த்தார். கோயம்புத்தூரில் ஒரு புதுக் கட்டில் காலியாகக் கிடக்கும் என்பது எனக்கும் வலித்தது.

"ரெண்டு வருஷமா" என்றார். "சரிதான். சுகந்தி வாங்குன மீனு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது." பரணியின் தலையில் கை வைத்தார். "லீவுக்காவது வருவேல்ல?"

"வருவேன் மாமா."

"வராம? அனுப்பி வைக்கிறேண்ணே" என்றேன்.

வேனில் ஏறும்போது டிரம் இரண்டையும் எடுத்து வைக்கப் போனார் இவர். அண்ணன் தடுத்துவிட்டார். "இங்கயே கெடக்கட்டும் மாப்ள. தண்ணி பிடிச்சு வைக்க ஆகும்."

ஜூன் 3, திங்கள்

காலையில் அயிரைக்குத் தீனி போடப் போனேன். தாளில் புதிதாக ஒன்று ஏறியிருக்கிறது, நீல மையில்.

"15. புள்ளி வந்த மீன ரெண்டு வருஷத்துக்கு எடம் மாத்தக் கூடாது."

ஒன்பது சட்டையையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பழையபடி அலமாரியில் அடுக்கிவிட்டு, கடைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனேன்.